சாப்பிட்டீர்களா என்று ஒரு தடவை கேளுங்கள்

கொழும்பின் அரச வைத்தியசாலைகளில் நீரிழிவு கிளினிக்குகளை நடத்தும் வைத்திய நிபுணர்களுக்கும் பணிப்பாளர்களுக்கும் தாதியருக்கும்,

வணக்கம்.

அம்மாவின் கிளினிக் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இரத்தத்தில் சீனி எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, நிறை எவ்வளவு, காலையில் எத்தனை யூனிட் இன்சுலின், இரவில் எத்தனை, எந்தக் குளிசை எத்தனை வேளை என்று கொப்பியில் எல்லாம் இருக்கிறது. அம்மா எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்பது மட்டும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எங்கேயும் இல்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் எழுதவும் இல்லை.

நீரிழிவுக்காரருக்கு இது சின்ன விஷயம் இல்லை என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மெட்ஃபோமின் குளிசை மட்டும் எடுப்பவர் ஒரு வேளை பிந்திச் சாப்பிட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. கிளிக்லசைட் குளிசை அப்படி இல்லை. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும், வயிற்றுக்குள் ஏதாவது போனதா என்று பார்த்துக்கொண்டு இருக்காது. வேகமாக வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் கலந்த 30/70 கலவை இன்சுலினும் அப்படித்தான். ஊசி போட்டு அரை மணித்தியாலத்தில் சாப்பாடு வந்தாக வேண்டும். வராவிட்டால் சீனி இறங்கத் தொடங்கும். 70 mg/dLக்குக் கீழே போனால் வியர்வை, நடுக்கம், படபடப்பு. அதற்கும் கீழே போனால் பேச்சுத் தடுமாறி மயக்கம்.

இதை அதிகம் மறந்துபோகும் இடம் கிளினிக்தான் என்பதுதான் என் மனக்குறை. எந்த வைத்தியசாலை என்று சொல்லப் போவதில்லை. இங்கே கிளினிக்குக்குப் போகும் எவரும் தங்களுடையது என்றே நினைப்பார்கள்.

வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டிய நாள் என்றால் விடியுமுன்னே வரிசை தொடங்கிவிடும். அப்படி ஒரு நாள் எங்களுக்கு முன் வாங்கில் இருந்த ஒரு அம்மாவுக்கு, மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தும், கழுத்தால் வியர்வை ஓடியது. கை நடுங்கி நம்பர் துண்டு கீழே விழுந்தது. அதை எடுத்துக் கொடுத்து “என்ன செய்யுது?” என்று கேட்டால், சம்பந்தமில்லாமல் பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்கிறார். யாரோ பையில் இருந்த டொபியைக் கொடுக்கப் போக, அங்கு நின்ற ஊழியர் “சாப்பிட்டால் இரத்தம் எடுக்க மாட்டார்கள்” என்று தடுத்தார். நல்லவேளையாக, வரிசையில் நின்ற ஒரு பிள்ளை கேட்டுக்கொண்டு நிற்காமல் கன்டீனுக்கு ஓடி, மூன்று கரண்டி சீனி போட்ட பிளேன்ரீயோடு வந்தாள். குடித்துக் கால் மணித்தியாலத்தில் அந்த அம்மா பழைய ஆளாகிவிட்டார். அப்புறம் விசாரித்தால்தான் கதை தெரிந்தது. ஊசியை ஒருநாளும் விடக்கூடாது என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள், அதனால் வீட்டிலேயே காலை ஊசியைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். வெறும் வயிற்றில் வரச் சொன்னதும் அதே கிளினிக்தான், அதனால் சாப்பிடவில்லை. இரண்டு கட்டளையையும் ஒழுங்காகக் கேட்டு நடந்த மனிசிக்குத்தான் இந்த நிலை.

இரத்தம் எடுக்கும்வரை அன்றைய ஊசியையும் குளிசையையும் எடுக்க வேண்டாம், எடுத்த பிறகு சாப்பாட்டோடு எடுங்கள் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் போதும். ஆளுக்கு ஆள் மாறுமென்றால் மாற்றி எழுதுங்கள். ஆனால் எழுதுங்கள்.

எட்டு மணித்தியாலப் பட்டினி இந்தப் பரிசோதனைக்குப் போதும். எங்கள் ஆட்களோ முதல் நாள் இரவு ஏழு மணிக்கே சாப்பிட்டு முடித்து, டொக்டரைக் கண்டு மருந்தும் எடுத்து, மதியத்துக்குப் பிறகுதான் வாயில் ஏதாவது வைக்கிறார்கள். இரத்தம் கொடுத்தவுடன் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாமே என்பீர்கள். போனால் நம்பர் போய்விடும் என்ற பயம். “சாப்பிட்டுவிட்டு வாங்கோ, உங்கள் நம்பர் அப்படியே இருக்கும்” என்று யாராவது வாய்விட்டுச் சொன்னால்தான் வரிசை நம்பும்.

இன்னொன்று, எச்பிஏ1சி பரிசோதனைக்குப் பட்டினியே தேவையில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து எந்த நேரமும் கொடுக்கலாம். கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கை அது சொல்லிவிடும். கிளினிக்குக்கு முந்திய இரண்டு நாள் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டு வந்து நல்ல பெயர் எடுப்பவர்களும் அதில் அகப்படுவார்கள். (அம்மாவும் அந்தக் கூட்டம்தான்.) அதற்குச் செலவு கூட என்பது தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் பட்டினி போட்டு எடுக்கும் அந்த ஒற்றை எண்ணை வைத்து மருந்தைக் கூட்டிக் குறைப்பது எவ்வளவு தூரம் சரி என்பதை நீங்களே யோசியுங்கள்.

கிளினிக்குக்கு வெளியே வருவோம். புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமிமாருக்கு மருந்துப் பையில் ‘காலை ஒன்று, இரவு ஒன்று’ என்று எழுதித் தருகிறார்கள். அவர்களின் காலை எது? லொறி வந்தால் விடியற்காலை நாலு மணிக்கே வேலை. ஒரு பிளேன்ரீ, ஒரு பணிஸ், அவ்வளவுதான். சோறு என்று ஒன்று கிடைப்பது பின்னேரம் மூன்று மணிக்கு. இடையில் அந்தக் குளிசை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மூட்டையோடு தலை சுற்றி விழுந்தால் பக்கத்தில் நிற்பவன் வெயில் என்பான், குடி என்பான். புடைவைக் கடைகளில் நிற்கும் பெண்பிள்ளைகளுக்கோ பெருநாள் சீசனில் மதியச் சாப்பாடு எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. இப்படிப்பட்டவர்களிடம் குரக்கனும் ஓட்ஸும் ஆப்பிளும் எழுதிய உணவுத் தாளைக் கொடுத்து என்ன பயன்? எத்தனை மணிக்கு எதைச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டுவிட்டு அதற்கேற்ப மருந்தைப் பார்த்தால் பாதிப் பிரச்சினை குறையும்.

பிறகு நோன்பும் விரதமும். மாளிகாவத்தையிலும் மருதானையிலும் கிராண்ட்பாஸிலும் இருக்கும் எத்தனையோ பேர் ரமழானில், கிளினிக்கில் ஒரு வார்த்தை சொல்லாமல், தாங்களாகவே இரவுக் குளிசையை ஸஹருக்கும் காலைக் குளிசையை இஃப்தாருக்கும் மாற்றிக்கொள்கிறார்கள். சிலர் இரண்டையும் சேர்த்து ஒரே தடவையில் போடுகிறார்கள். சொன்னால் டொக்டர் நோன்பை விடச் சொல்வார் என்ற பயம். சர்வதேச நீரிழிவு சம்மேளனம் 2021இல் புதுப்பித்த ரமழான் வழிகாட்டலில் எல்லாம் விபரமாக இருக்கிறது. யார் நோன்பு பிடிக்கலாம், யாருக்கு ஆபத்து, மருந்தை எப்படி மாற்றுவது என்று பிரித்தே சொல்கிறார்கள். 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்கிறார்கள். விரலில் குத்திச் சீனி பார்த்தால் நோன்பு முறியாது என்றும் அதில் இருக்கிறது. ரமழானுக்கு ஒரு மாதம் முன்பு கிளினிக்கில் இதைப் பேச ஒரு காலைப்பொழுது போதாதா? கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் ஒரு வேளைப் பாலோடு இருக்கும் எங்கள் வீட்டுப் பெண்களையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களும் கிளினிக்கில் சொல்லாமல்தான் இருக்கிறார்கள்.

விரதம் என்றதும் கால் ஞாபகம் வருகிறது. ஆடிவேல் தேர்த் திருவிழாவுக்கு வெயிலில் காய்ந்த தார் வீதியில் வெறுங்காலோடு நடக்கும் கூட்டத்தில் கால் விறைத்த நீரிழிவுக்காரர்களும் இருக்கிறார்கள். கொப்புளம் போட்டது அவர்களுக்கு அடுத்த நாள்தான் தெரியும். வருஷத்தில் ஒரு தடவையாவது செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பாருங்கள். இது வேறு மடலுக்குரிய விஷயம், இருந்தாலும் சொல்லிவைத்தேன்.

உங்கள் பக்கத்துச் சுமையும் தெரியாமல் இல்லை. 2018, 2019இல் நடந்த தேசிய ஆய்வின்படி வளர்ந்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு நீரிழிவு. 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ டொக்டர்மார் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். ஒரு காலையில் அத்தனை பேரையும் பார்த்து இன்சுலினை இலவசமாகக் கொடுத்தும் அனுப்புகிறீர்கள். அதற்கு நாங்கள் கடமைப்பட்டவர்கள். அதனால்தான் புதுக் கட்டடமோ இயந்திரமோ கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தைக் கேட்டுக் கொப்பியில் ஒரு கோட்டில் எழுதுவதற்கு டொக்டர் வேண்டுமென்று இல்லை, நிறை பார்க்கும் இடத்தில் இருக்கும் தாதியே போதும். கேட்பது தமிழில் இருந்தால் நல்லது. 1987 முதல் தமிழும் அரசகரும மொழி. கடையில் சாமான் வாங்கச் சிங்களம் போதுமான அம்மாவுக்கு, ஊசிக்கும் சோற்றுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று சிங்களத்தில் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவார்.

இரத்தம் கொடுத்தவர்களுக்கு அங்கேயே காலைச் சாப்பாடு கொடுக்கலாம், ஆனால் அதற்கு ஒதுக்கப் பணம் இல்லை என்று சொல்வீர்களானால், அதை எங்களிடம் விடுங்கள். கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் அன்னதானம் போடும் கோயில்களும் கஞ்சி காய்ச்சும் பள்ளிவாசல்களும் இருக்கின்றன, வெசாக்குக்குத் தன்சல் வைத்து இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். இரத்தம் எடுக்கும் நாளைச் சொன்னால் ஆளுக்கு இரண்டு துண்டு பாணும் பருப்பும் கொண்டுவந்து வைப்பதற்கு ஆட்களைத் திரட்டலாம். சர்க்கரைப் பொங்கல் மட்டும் கொண்டுவர வேண்டாம் என்று நீங்கள்தான் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும், நாங்கள் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
கிளினிக்குக்கு அம்மாவைக் கூட்டிவரும் ஒரு மகள்
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13