ஐயா, அடையாள அட்டைப் படங்களை எரிக்காதீர்கள்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நல்லூர்த் தேர், வல்லிபுரக் கோயில் கடல் தீர்த்தம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, நாடக மேடை என்று உங்கள் ஸ்ரூடியோவின் பழைய நெகற்றிவ்களில் நல்லவற்றை நீங்கள் தனியாக எடுத்து வைத்துவிட்டதாக உங்கள் மகள் சொன்னார். மிச்சம் எல்லாம் பாஸ்போட் படமும் அடையாள அட்டைப் படமும்தானாம். மாரி தொடங்க முன் அவற்றை எரித்துவிட நினைக்கிறீர்களாம். தயவுசெய்து எரிக்க வேண்டாம், ஐயா. என்னைக் கேட்டால், முதலில் காப்பாற்ற வேண்டியதே அந்த மிச்சத்தைத்தான்.

நல்லூர்த் தேரை உங்களைப் போல எத்தனையோ பேர் எடுத்திருக்கிறார்கள். ஆனால் சந்தையில் வெற்றிலை விற்ற ஆச்சியை யார் எடுத்தார்கள்? அட்டைக்குப் படம் கேட்டார்கள் என்பதற்காக அவர் உங்கள் ஸ்ரூடியோவுக்கு வந்து ஸ்ரூலில் இருந்தார். பல குடும்பங்களில் ஆச்சிக்கு அந்த ஒரு படம்தான். போர்க்காலத்தில், 1995 ஒக்ரோபர் 30 அன்று, யாழ்ப்பாண நகரம் இருக்கிற வலிகாமமே எழும்பிக் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, காணி உறுதியையும் நகையையும் கையில் எடுத்த சனம் சுவரில் தொங்கிய படங்களை விட்டுவிட்டுத்தான் போனது. அதற்கு ஐந்து வருடம் முன்னால், 1990 ஒக்ரோபரில், யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். சோனகத் தெருவிலிருந்து புத்தளம் போய்ச் சேர்ந்த குடும்பங்களிடம் இல்லாத கலியாணப் படம் உங்கள் றங்குப்பெட்டியில் இருக்கலாம். அதை எரிக்கிற உரிமை உங்களுக்குக்கூட இல்லை என்று சொன்னால் கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

மகள் காட்டிய நெகற்றிவ் ஒன்றை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு பெடியன். காதுக்கு மேலே எண்ணெய் வைத்து அழுத்தி வாரிய தலை. இடது கன்னத்தில் மயிரிழை போலப் பென்சில் கோடுகள், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக. பருவை மறைக்க நீங்கள் கையால் தொட்ட இடம். இன்றைக்குக் கணினியில் நொடியில் செய்கிற வேலையை, ஒரு அட்டைப் படத்துக்காக, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு செய்திருக்கிறீர்கள். அந்த வேலையும் எரிந்து போக வேண்டுமா?

நெகற்றிவ்களை விட எனக்குப் பெரிதாகப் படுவது அந்தச் சிவப்பு மட்டைக் கொப்பிகள். நெகற்றிவ் இலக்கம், பெயர், ஊர், எத்தனை பிரதி, அட்வான்ஸ் எவ்வளவு, மிகுதி எவ்வளவு. கணக்குக்காக எழுதினீர்கள். ஆனால் அந்தக் கொப்பி இல்லாவிட்டால் உங்கள் பெட்டியில் இருப்பது பெயரில்லாத முகங்கள். கொப்பி இருந்தால், ஸ்கான் செய்த கோப்புக்கும் அதே இலக்கத்தைக் கொடுத்து, பேரப்பிள்ளை ஒருவர் தேடும்போது ஆளைக் கண்டுபிடித்துக் கொடுக்கலாம். ஆகவே முதலில் கொப்பிகளைத்தான் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கப் போகிறோம்.

இதை எல்லாரும் பார்க்க எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. சாவகச்சேரியிலும் பருத்தித்துறையிலும் ஸ்ரூடியோ வைத்திருந்தவர்களின் வீட்டுப் பரண்களிலும் இப்படிப் பெட்டிகள் இருக்கும். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: பெட்டியைத் திறக்கும்போது வினாகிரி மணம் வந்தால் அந்தப் பிலிம் அழியத் தொடங்கிவிட்டது. அதை மற்றவற்றோடு வைத்தால் மற்றதும் கெடும், உடனே வேறாக்குங்கள். ஈரத் துணியால் துடைக்க வேண்டாம். பிளாஸ்ரிக் உறையைவிடக் கடதாசி உறை நல்லது, மேலே பென்சிலால் எழுதினால் போதும். கலர் நெகற்றிவ்கள் இருட்டில் வைத்தாலும் நிறம் இழக்கும் என்பதால் அவற்றுக்கு அவசரம் கூட.

ஸ்கான் செய்வது பொறுமை வேண்டிய வேலை, ஆனால் சிக்கலானதல்ல. 35 மில்லிமீற்றர் பிலிம் என்றால் அங்குலத்துக்கு 4000 புள்ளி, பெரிய 120 பிலிமுக்கு 2400 போதும். மூலப்பிரதி தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக இருக்கும், பார்ப்பதற்குச் சிறிய ஜேபெக். தூசியைத் தானாக அழிக்கிற வசதியைக் கறுப்பு வெள்ளைப் பிலிமுக்குப் போடக்கூடாது. பிலிமில் இருக்கிற வெள்ளியையே அது தூசி என்று நினைத்துப் படத்தைக் கெடுத்துவிடும். மூன்று பிரதி, அதில் ஒன்றாவது யாழ்ப்பாணத்துக்கு வெளியே. 1981இல் பொது நூலகத்தோடு 97,000 வரையான நூல்களும் ஏடுகளும் எரிந்த ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. 2005இலிருந்து நூலக நிறுவனம் நம் நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் சேர்த்து வருகிறது. படங்களுக்கும் அவர்களிடம் ஆவணகம் என்ற தளம் இருக்கிறது. நீங்கள் சம்மதித்தால் அவர்களோடும் பேசலாம்.

ஆனால் பாதுகாப்பது வேறு, எல்லாருக்கும் காட்டுவது வேறு. சாமத்தியவீட்டு (பூப்புச் சடங்கு) படத்தில் வெட்கத்தோடு நிற்கிற பிள்ளை இப்போது பேரப்பிள்ளை கண்டிருப்பார். அவரைக் கேட்காமல் அதை இணையத்தில் போட நான் விடமாட்டேன். செத்தவீட்டுப் படங்களும் அப்படித்தான். காணாமல் போன பிள்ளையின் முகத்தைத் தாய் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஃபேஸ்புக்கில் காணக்கூடாது. அந்தப் படங்கள் பூட்டி இருக்கட்டும், குடும்பம் கேட்டு வந்தால் கொடுப்போம். இதில் கடைசி வார்த்தை உங்களுடையதும் அந்தக் குடும்பங்களுடையதும்.

உங்களிடம் வேண்டுவது ஒன்றுதான். கொப்பியில் எழுதாதது உங்கள் தலைக்குள் இருக்கிறது: இவர் இன்னாரின் மருமகன், இந்த வீடு ஷெல்லில் போனது, இந்தக் கடை இப்போது வங்கி. பின்னேரங்களில் ஒரு மணித்தியாலம், களைப்பில்லாத நேரமாகப் பார்த்து, நான் படங்களைத் திரையில் காட்டுகிறேன், நீங்கள் வாயால் சொல்லுங்கள், மகள் பதிவு செய்வார். 1970களின் கொப்பியிலிருந்து தொடங்கலாம். அந்தக் காலத்து ஆட்களை அடையாளம் சொல்ல ஊரில் இன்னும் ஒரு சிலர்தான் இருக்கிறார்கள்.

எந்த நாள் உங்களுக்கு வசதி என்று மகளிடம் சொல்லி அனுப்புங்கள். ஸ்கானரை நான் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஸ்ரூடியோவில் முதல் அட்டைப் படம் எடுத்த ஒருவன்