ஃபிட்னஸ் கேட்டு நீ அனுப்பிய கோப்பு

கோவை
ஞாயிறு மாலை

அன்புள்ள கலா,

உன் கடிதமும் அந்த அம்மாவின் கோப்பும் ஒரே கவரில் வந்து சேர்ந்தன. அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடச் சொல், அவர் மறப்பார். மற்றதை நேரில் பேசிக்கொள்வோம், இப்போது கோப்புக்கு வருகிறேன்.

வயது 48, எடை 118 கிலோ, உயரம் 152 செ.மீ., பிஎம்ஐ 51. பத்து வருட சுகர், இப்போது இன்சுலின். எடை குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று, இதயம் அதைத் தாங்கும் என்ற கார்டியாலஜி ஃபிட்னஸ் சான்று மட்டும் பாக்கி. "எல்லாம் நார்மல்தானே, ஒரு வரி எழுதிக் கொடு" என்கிறாய். இப்போதைக்குத் தரமாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. பிரஷரில் தொடங்கி எக்கோ வரை எதுவுமே இந்த உடம்புக்கு ஏற்ற மாதிரி எடுக்கப்படவில்லை.

பிரஷரையே எடுத்துக்கொள். 164/100 என்று இருக்கிறது. கையின் சுற்றளவை யாரும் குறிக்கவில்லை. நம் மேசையில் கிடக்கும் சாதாரண கஃப், அதாவது கையில் சுற்றும் பட்டை, 27 முதல் 34 செ.மீ. வரையுள்ள கைக்குத்தான். 35-லிருந்து 44 வரை லார்ஜ், அதற்கும் மேலே என்றால் எக்ஸ்ட்ரா லார்ஜ் வேண்டும். சின்ன கஃப் பெரிய கையைச் சரியாக அமுக்காது, அதனால் எண் ஏறிக் காட்டும். லார்ஜ் தேவைப்படும் கையில் 5 புள்ளி அளவுக்கு, எக்ஸ்ட்ரா லார்ஜ் தேவைப்படும் கையில் 20 வரைகூட. அதை நம்பி மாத்திரையைக் கூட்டினால் மயக்கம் கொடுக்கும்போது பிரஷர் கிடுகிடுவென இறங்கும். முதலில் ஒரு டேப்பை எடுத்து மேற்கையின் நடுவில் அளந்துவிடு.

அடுத்து ஈசிஜி. "இன்ஃபீரியர் இன்ஃபார்க்ட், காலம் தெரியவில்லை" என்று, அதாவது இதயத்தின் கீழ்ச்சுவரில் எப்போதோ மாரடைப்பு வந்திருக்கிறது என்று, மெஷினே அச்சடித்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு அந்த அம்மாவின் மகன் ராத்திரியெல்லாம் தூங்கவில்லை என்று எழுதியிருந்தாய். தாளைப் பார். பழைய மாரடைப்பின் தழும்பாக நினைக்கப்படும் க்யூ அலை மூன்றாம் லீடில் மட்டும்தான், கீழ்ச்சுவரைக் காட்டும் மற்ற இரண்டான இரண்டாம் லீடிலும் ஏவிஎஃப்பிலும் இல்லை. வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் இதயம் படுத்தவாக்கில் கிடக்கிறது, அந்தக் கோணத்தில் வருவது இது. மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி எடு. உதரவிதானம் இறங்கும்போது அந்த க்யூ சுருங்கலாம், மறைந்தும் போகலாம். மார்பு லீடுகளை மார்பகத்தின் மேலே ஒட்டாமல், அதைத் தூக்கிப் பிடித்து அடியில், ஐந்தாம் விலா இடைவெளியில் ஒட்டச் சொல். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. கொழுப்பு அலையின் உயரத்தைக் குறைப்பதால், தடித்துப்போன இதயமும் தாளில் சாதாரணமாகத் தெரியும். ஈசிஜியில் தடிப்பு தெரியவில்லை என்பதை வைத்துத் தடிப்பே இல்லை என்று சொல்ல முடியாது.

என்னைக் கடுப்பேற்றியது டிரெட்மில்தான். "டிஎம்டி நெகடிவ்", அதாவது டிரெட்மில் சோதனையில் கோளாறு இல்லை என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். உள்ளே பார்த்தால் நாலு நிமிடத்தில் முழங்கால் வலியால் நிறுத்தியிருக்கிறார்கள். அதிகபட்சத் துடிப்பு 118. 220-லிருந்து வயதைக் கழித்தால் 172, அதில் 85 சதவீதம் 146, அதையாவது தொட்டிருக்கணும். இவர் தொட்டது 69 சதவீதம்கூட இல்லை. அன்று காலை மெட்டோப்ரோலால் என்ற பிரஷர் மாத்திரை வேறு போட்டுக்கொண்டு வந்திருக்கிறார், அது துடிப்பை ஏறவிடாது. இது நெகடிவ் இல்லை கலா, முடிவு தெரியாத சோதனை. டிரெட்மில்லில் வழக்கமான ப்ரூஸ் முறையில் முதல் கட்டமே 10 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 2.7 கிலோமீட்டர். மூட்டு தேய்ந்தவரை அதில் ஏற்றினால் முதலில் நிற்பது கால்தான், இதயத்தின் சங்கதி வெளியே வராது.

அப்படியானால் இவருக்கு என்ன செய்யலாம்? முதலில், இவருக்கு இதயத்தை வேகமாகத் துடிக்கவைத்துப் பார்க்கும் ஸ்ட்ரெஸ் சோதனை வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளணும். வயிற்றுக்குள் நடக்கும் ஆபரேஷன் ஒரு புள்ளி, இன்சுலின் ஒரு புள்ளி, ஆக ரிஸ்க் கணக்கில் இரண்டு. இரண்டு மாடிப் படி ஏறுவாரா என்று கேட்டால் முழங்காலால் பதில் இல்லை. சுகர்காரருக்கு நெஞ்சுவலி சொல்லிக்கொண்டு வரவேண்டும் என்பதும் இல்லை. அதனால் இவருக்கு வேண்டும் என்பேன். நடக்கவைக்காமல் மருந்தாலேயே துடிப்பை ஏற்றி எக்கோ ஸ்கேனில் பார்க்கும் டோபுட்டமின் எக்கோ சரியாக இருக்கும். மருந்தை ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராமில் தொடங்கி, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை 10, 20, 30, 40 என்று ஏற்றுவோம். துடிப்பு போதாவிட்டால் அதை ஏற்ற அட்ரோபின் ஊசி. பிரஷர் உண்மையிலேயே அதிகம் என்றால் அதை அடக்கிவிட்டுத்தான் ஆரம்பிக்கணும், அதனால்தான் கஃப் கதையை முதலில் சொன்னேன். இந்தச் சோதனைக்காக மெட்டோப்ரோலாலை எப்போது நிறுத்துவது என்று நான் சொல்கிறேன், அவராக நிறுத்த வேண்டாம்.

இதயச் சுவருக்கு ரத்தம் போகிறதா என்று பார்க்கும் நியூக்ளியர் ஸ்கேன் எடுத்தால் மார்பகம் முன்சுவரையும் உதரவிதானம் கீழ்ச்சுவரையும் மறைத்து, ரத்தம் போகாத மாதிரி காட்டும். எடுத்தே ஆகவேண்டும் என்றால் ஓய்வுப் படமும் ஸ்ட்ரெஸ் படமும் இரண்டு நாளாகப் பிரித்து, கவிழ்ந்து படுக்கவைத்து இன்னொரு படமும் வாங்கு. இதய ரத்தக்குழாயைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோ என்றால் மேசையின் எடை வரம்பைப் போனிலேயே கேட்டுக்கொள். இவர் 118 கிலோ, பிரச்சினை இருக்காது. 200 கிலோக்காரரை அனுப்பி வாசலில் திருப்பிவிட்டால் பாவம்.

எக்கோ தாளில் "ஈஎஃப் 60, நார்மல்" என்று, அதாவது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் 60 சதவீத ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று ஒரே வரி, கீழே பொடி எழுத்தில் "விண்டோ சரியில்லை", படம் தெளிவாக இல்லை என்று அர்த்தம். சுவரில் அடுத்தடுத்த இரண்டு பகுதி தெரியாவிட்டால் நுண்குமிழி கான்ட்ராஸ்ட் கொடுத்துத் திரும்பப் பார்க்கணும். ஈஎஃப்பை விட எனக்கு வேண்டியது இதயத்தின் வலப்பக்கம். அங்குள்ள ட்ரைகஸ்பிட் வால்வில் கசிவின் வேகம் நொடிக்கு 2.8 மீட்டருக்கு மேலே போகிறதா, வலது கீழறை பெருத்திருக்கிறதா? ஆபரேஷனில் வயிற்றை 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்துக்குக் கார்பன் டை ஆக்ஸைடால் ஊதி, தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பார்கள். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், உள்ளே உறிஞ்சப்படும் வாயு நுரையீரல் அழுத்தத்தை ஏற்றும். ஏற்கனவே திணறும் வலது கீழறைக்கு அந்த ஒன்றரை மணி நேரம் கஷ்டம்தான்.

வலப்பக்கம் என்றதும் குறட்டையைக் கேட்கணும், தூக்கத்தில் மூச்சு அடைபட்டால் சுமை அந்தப் பக்கம்தான் ஏறும். கோப்பில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை! கழுத்துச் சுற்றளவு, பகல் தூக்கம், தூக்கத்தில் மூச்சு நிற்பதை வீட்டில் யாராவது பார்த்தார்களா, இதெல்லாம் தூக்க மூச்சடைப்பைக் கணிக்கும் ஸ்டாப்-பேங் கேள்விக் கணக்கில் வரும். எட்டுக்கு ஐந்து வந்தால் தூக்கச் சோதனைக்கு அனுப்பு. அதோடு ரத்தத்தில் பைகார்பனேட்டும் பார், மலிவான சோதனை. 27-க்கு மேலே இருந்தால் பகலிலும் கார்பன் டை ஆக்ஸைடு தேங்குகிறதோ என்று சந்தேகப்படணும். தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளும் சிபாப் மெஷின் தேவைப்பட்டால் சில வாரம் பழகிவிட்டு, அந்த மெஷினையே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரட்டும். இதயம் திணறினால் ரத்தத்தில் கூடும் பிஎன்பி பார்க்கலாமா என்று கேட்டிருந்தாய். பார்க்கலாம், ஆனால் குண்டானவர்களுக்கு அது இயல்பாகவே குறைவாக வரும். கூடியிருந்தால் நம்பு, நார்மல் என்றால் நிம்மதியாகிவிடாதே.

இதற்காக எல்லோருக்கும் இத்தனையும் எழுதாதே. 28 வயது, வேறு வியாதி இல்லை, மூன்று மாடி மூச்சு வாங்காமல் ஏறுகிறாள் என்றால் ஈசிஜியோடு விடு. பேக்கேஜில் இருக்கிறது என்று டிஎம்டி செய்து, பொய்யாகப் பாசிடிவ் வந்து, ஆஞ்சியோ, ஸ்டென்ட் என்று போனால் ரத்தம் கட்டாமல் இருக்கும் இரட்டை மாத்திரைக்காக ஆபரேஷன் குறைந்தது ஆறு மாதமாவது தள்ளிப்போகும்.

மருந்துச் சீட்டில் டபாக்ளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரை இருக்கிறது. ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்னால் நிறுத்து. ஈரல் சுருங்கக் குறைந்த கலோரி உணவில் வேறு இருப்பார், சுகர் 150-லேயே இருந்துகொண்டு ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி ஆளைச் சாய்த்துவிடும். மயக்க டாக்டரிடமும் சொல்லிவிடு. பிரஷர் மாத்திரை டெல்மிசார்டனை முந்தின நாளோடு நிறுத்தலாம். கொழுப்பு மாத்திரையான ஸ்டாட்டினும் மெட்டோப்ரோலாலும் ஆபரேஷன் அன்றும் தொடரட்டும். ஆனால் மெட்டோப்ரோலால் சாப்பிடாத ஒருவருக்கு "பாதுகாப்புக்கு" என்று கடைசி நேரத்தில் தொடங்காதே. 2008-ல் வந்த பாய்ஸ் ஆய்வில் அப்படிக் கொடுத்தபோது மாரடைப்பு குறைந்தது, பக்கவாதமும் சாவும் கூடின.

புதன்கிழமை காலை வெறும் வயிற்றில் அனுப்பு, டோபுட்டமினை இங்கேயே செய்துவிடுகிறேன். பழைய எக்கோ படங்களைப் பதிந்த சிடி தட்டும் வேண்டும், தாள் போதாது. லார்ஜ் கஃப் உன்னிடம் இல்லையென்றால் சொல், அந்த அம்மாவிடமே ஒன்று கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
வசந்தி