மீனு கேட்ட கேள்வி

கேம்பிரிட்ஜ், மாசசூசெட்ஸ்
28 ஜூலை 2013

அன்புள்ள சேகர்,

ஏப்ரலில் குண்டு வெடித்ததும் பதறிப்போய் மூன்று முறை போன் செய்தாய். விவரமாக எழுதுகிறேன் என்றவன் மூன்று மாதமாக எழுதவில்லை. மன்னித்துவிடு. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததா?

இப்போது எழுத வைத்தது ரோலிங் ஸ்டோன் என்ற இசைப் பத்திரிகையின் அட்டைதான். பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டிருக்கும் ஜோகர் சார்நயெவின் முகத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். அவனே எடுத்துக்கொண்ட படம். சுருட்டை முடி, கனவு காண்கிற மாதிரி கண். நூலகத்தில் அதைப் பார்த்த மீனு, "இந்த அண்ணா என்ன பாட்டுப் பாடுவார்ப்பா?" என்று கேட்டாள். எனக்குப் பேச்சே வரவில்லை. செத்துப்போன மூன்று பேரில் ஒருவன் அவள் வயதுப் பையன், எட்டு வயது.

ஊரே கொதிக்கிறது. சிவிஎஸ், வால்கிரீன்ஸ் கடைகள் இதழை விற்கமாட்டோம் என்றுவிட்டன. பாஸ்டன் மேயர் மெனினோ பத்திரிகை அதிபருக்கே கோபமாகக் கடிதம் எழுதினார். அட்டைக்குப் பதிலடியாக மாநிலக் காவல்துறையின் படக்காரர் ஒருவர், ஜோகர் ஒளிந்திருந்த படகிலிருந்து ரத்தத்தோடு வெளியே வந்த இரவின் படங்களை அனுமதி இல்லாமலே ஓர் இதழுக்குக் கொடுத்துவிட்டார். அவர் ஆத்திரம் எனக்குப் புரிகிறது.

ஆனால் கட்டுரையைப் படித்தேன், சேகர். அவனுடைய நண்பர்கள், மல்யுத்தம் சொல்லிக்கொடுத்தவர் என்று தேடித்தேடிப் பேசியிருக்கிறார்கள். அவன் எங்கள் ஊர்ப் பள்ளியில் படித்தவன். எல்லோருக்கும் பிடித்த பையன் எப்படி இப்படி ஆனான் என்று தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். அட்டையிலேயே அவனை அரக்கன் என்றும் எழுதியிருக்கிறார்கள். மே மாதம் இதே படம் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் வந்தபோது இந்தக் கொதிப்பு இல்லை. செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், கொலைகாரன்கூட. இந்த அட்டை பாடகர்கள் ஏங்கும் இடம். மீனுவுக்கு எழுத்து கண்ணில் படவில்லை, முகம்தான் பட்டது. கட்டுரை வேண்டும், அந்த முகம் அந்த இடத்தில் வேண்டாம் என்றுதான் எனக்குப் படுகிறது. கடைகள் விற்க மறுத்ததும் எனக்குச் சரியாகப் படவில்லை. படித்துவிட்டுத் திட்டட்டுமே.

விடுதிக் கையெழுத்துப் பத்திரிகைக்கு அட்டை போடுவது உன் ராஜ்ஜியம் அல்லவா? அந்தப் பூசணிக்காய் அட்டைக்காக ராமு உன்னோடு ஒரு மாதம் பேசவில்லையே! அதனால் உன்னிடமே கேட்கிறேன். இந்தக் கட்டுரைக்கு நீ அட்டையில் எதைப் போட்டிருப்பாய்? யோசித்து எழுது. மீனுவுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

உன்,
பாலு