வேலிக்கு அங்கால் இருக்கும் மாமாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

தம்பிக்கு மனநோய் வந்தபின் எங்கள் வீட்டில் நடந்தது உருத்திரபுரத்தில் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்கு மனம் இல்லை. போன கிழமை தம்பி கிளினிக் கொப்பியைத் தானே எடுத்துக்கொண்டு, தனியே பஸ் ஏறிப் போய், மாத ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தான். அவன் படலையைத் திறந்த சத்தம் கேட்டதும் அம்மா குசினிக்குள் போய் அழுதார். அன்றிரவுதான் இதை எழுதத் தொடங்கினேன்.

மனநலப் பிரிவு டாக்டருக்கும் தாதியருக்கும், மருந்து தவறிய நாளில் வீடு தேடி வந்தவருக்கும், நடுச்சாமத்தில் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்தபோது தமிழில் ஆறுதலாகக் கதைத்த முகம் தெரியாத பிள்ளைக்கும், ஓட்டோக் காசு வாங்க மறுத்த அண்ணாவுக்கும், நூல் கட்டிவிட்டு "மருந்தையும் விட்டிடாதேங்கோ பிள்ளை" என்று சொன்ன கோயில் ஐயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

உளவளத்துணையாளர் அக்கா "தம்பியோட நீங்கள் எல்லாரும் வாங்கோ" என்றபோது பயந்துகொண்டே போனோம். பிழை எங்களில்தான் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு குற்றமும் சொல்லவில்லை. லண்டனில் ஜோர்ஜ் பிரவுண் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் 1950களிலேயே தொடங்கிய ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். ஆஸ்பத்திரியால் வீட்டுக்குப் போனவர்களில், ஓயாமல் குறை சொல்கிற வீட்டிலும், பொத்திப் பொத்தி வைத்துப் பார்க்கிற வீட்டிலும் இருப்பவர்களுக்குத்தான் வருத்தம் திரும்ப வருவது கூடவாம். அப்படியான வீட்டில் கிழமைக்கு 35 மணித்தியாலத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தால் இன்னும் கூட என்று 1976இல் வந்த ஆய்வு சொன்னதாம். அதற்குப் பிறகுதான் குடும்பத்தையும் கூப்பிட்டு இருத்திக் கதைக்கிற முறை வளர்ந்தது. மருந்தோடு அதுவும் சேர்ந்தால் திரும்ப வருத்தமாவது குறைகிறது.

குறை சொல்கிறவள் நான். பொத்துகிறவர் அம்மா. 35 மணித்தியாலம் எங்கள் வீட்டில் மூன்று நாளுக்கே காணாது. ஆனால் 2009இல் அப்பாவைப் பறிகொடுத்த மனுசியிடம், மகனைக் கண்ணை விட்டு விலத்து என்றால் எப்படி விலத்துவார்? கத்தி, கோடரி, மண்வெட்டி எல்லாவற்றையும் நெல்லு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்.

சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் திறந்த நேரம். விடிய ஐந்து மணி இருக்கும். மாமா வேலியால் எட்டிக் கூப்பிட்டார். "தம்பி, இண்டைக்கு எங்கட தண்ணி முறை. வாய்க்கால் வெட்டிவிட ஆளில்லை. வாறியோ?"

மாதக்கணக்காகப் படலையைத் தாண்டாதவன் எழும்பி வந்தான். அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். மாமா தோளில் இருந்த மண்வெட்டியை இறக்கி, பிடியைத் தம்பியின் பக்கம் திருப்பி நீட்டினார். அவன் வாங்கினான். பிறகு மாமா முன்னால் நடந்தார். வரம்பு வளையும் வரைக்கும் நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஊரில் அவனுக்குப் பயந்து ஒருவரும் முதுகு காட்டி நடக்காத காலம் அது.

எட்டு மணிக்கு முழங்கால் வரை சேற்றோடு வந்து பிளேன்ரீ கேட்டான். அன்றிலிருந்து தண்ணி முறை, களை, பசளை என்று ஏதோ ஒரு வேலைக்கு மாமா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கூலியும் மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே கூலி, தம்பியின் கையில்தான். துணையாளர் அக்கா சொல்லித்தான் செய்தீர்களோ என்று பிறகு கேட்டேன். "எனக்கு ஆள் தேவைப்பட்டுது பிள்ளை" என்றார். அவ்வளவுதான்.

மாமா, அந்த முதல் நாள் உங்களுக்குப் பயம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. இருந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் காலடி எங்களுக்குப் பெரிசு.

வன்னியில் இன்னும் எத்தனை வீடுகளில் மண்வெட்டி ஒளிந்து கிடக்கிறதோ தெரியாது. அப்படி ஒரு வீடு உங்களுடையது என்றால் என்னிடம் சொல்லுங்கோ. முதல் கிளினிக் நாளில் வாங்கில் உங்களுக்குப் பக்கத்தில் நான் வந்து இருப்பேன். தம்பியைக் குறை சொல்லும் வாயையும் அடக்கிக்கொள்வேன் என்று அம்மாளாச்சி மேல் சத்தியம் பண்ணியிருக்கிறேன்.

இப்போது கதிர் முற்றிவிட்டது. வெட்டு முடிந்ததும் புது அரிசியில் எங்கள் முற்றத்தில் பொங்கல். மாமாவும் மாமியும் கட்டாயம் வரவேணும். விறகு கொத்துவது தம்பியின் வேலை. அம்மா நேற்றுக் கோடரியை எடுத்துத் தாழ்வாரத்தில் சாத்தி வைத்திருக்கிறார்.