அடுத்த 12(3) ஒப்பந்தத்தில் இதையும் கேளுங்கள்: நீலகிரி தொழிற்சங்கத் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரியில் சங்கம் நடத்தும் தோழர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என்ன கொடி, எந்தச் சங்கம் என்று பார்த்து எழுதவில்லை, எல்லோருக்கும் சேர்த்துத்தான். நான் குன்னூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இலை வாங்கும் இடத்தில் பல வருஷம் இருந்தவன். விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையை எடை போடுவது, தரம் பார்ப்பது, ஈரத்துக்கும் முற்றின இலைக்கும் எவ்வளவு கழிக்கலாம் என்று சொல்வது, இதுதான் வேலை. ஃபேக்டரியை மூடினார்கள், நாற்பத்தைந்து வயதுக்கு மேல் வெளியே வந்தேன். உங்களில் சிலர் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து வாதாடியதால்தான் கிராஜுட்டியும் இழப்பீடும் ஒழுங்காகக் கைக்கு வந்தது, அந்த நன்றி எப்போதும் உண்டு. அந்தப் பணம் வந்ததற்கு அடுத்த மாதத்திலிருந்து ஒருவன் என்ன ஆகிறான் என்பதைப் பற்றிப் பேசத்தான் இதை எழுதுகிறேன். வேலை போனவன் அடுத்து என்ன செய்வது என்று ஒரு கோச்சோடு பேசித் தெளிய வழி வேண்டும், அதையும் 12(3)-ல், அதாவது பழைய சட்டத்தின் பிரிவு எண்ணால் நாம் சொல்லும், தொழிலாளர் அலுவலர் முன்னிலையில் முதலாளியும் சங்கமும் போடும் சமரச ஒப்பந்தத்தில், கேளுங்கள் என்பதுதான் விஷயம்.

இந்த மலைக்கு இது புதுசும் இல்லை. ஊட்டி இந்து நகர் பிலிம் ஃபேக்டரி 1960-ல் தொடங்கின மத்திய அரசு நிறுவனம். ஒரு காலத்தில் அங்கே வேலை என்றால் பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். தொண்ணூறுகளிலேயே நலிவடைந்த நிறுவனம் என்று அறிவித்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விஆர்எஸ் என்ற விருப்ப ஓய்வில் ஆட்களை அனுப்பினார்கள். அப்படி வந்தவர்களில் டாக்ஸி வாங்கியவர், மளிகைக் கடை போட்டவர், வீட்டை மாற்றி சீசனுக்கு அறை விட்டவர், வேறு வழியில்லாமல் மலையிலிருந்து கீழே இறங்கி மேட்டுப்பாளையம், திருப்பூர் என்று போனவர், எல்லாரையும் நமக்குத் தெரியும். கையில் மொத்தமாகப் பணம் இருக்கும்போது அதை எங்கே போடுவது என்று சொல்ல சீட்டுக்காரர் முதல் மைத்துனர் வரை ஆயிரம் பேர் வருவார்கள். இனி உனக்கு என்ன வேலை செய்ய ஆசை, உன்னால் எது முடியும் என்று பொறுமையாகக் கேட்க ஒரு ஆள் வருவதில்லை.

எனக்கு அப்படி ஒருவர் கிடைத்தார், உறவுக்காரப் பெண் மூலமாக. கோயம்புத்தூர் மேடம், வேலை மாறுகிறவர்களுக்கு கோச்சாக இருப்பவர். டிஎன்பிஎஸ்சி கோச்சிங் மாதிரி பாடம் எடுக்கிற ஆள் என்று நினைக்க வேண்டாம், மேடையில் ஏறி "உன்னால் முடியும்" என்று கத்துகிற ரகமும் கிடையாது. ஃபோனில் பேசினோம், பாதி நேரம் அவர் கேள்வி கேட்டுவிட்டு சும்மா இருப்பார். அறிவுரை கேட்டால் தரமாட்டார், ஆரம்பத்தில் அதுவே எரிச்சலாக இருந்தது, காசு வாங்கிக்கொண்டு நம்மையே பேச வைக்கிறாரே என்று. ஒரு நாள், "ஃபேக்டரியில் உங்களிடம் யார் யார் எதைக் கேட்டு வருவார்கள்?" என்றார். யோசித்துப் பார்த்தால், முதலாளியைவிட, டீ மேக்கரைவிட, விவசாயிகள்தான் அதிகம் வந்திருக்கிறார்கள். "இலையை ஏன் கழித்தீர்கள்?", "செடியை எப்போது வெட்டிக் கவாத்து எடுத்தால் நல்லது?", "எத்தனை நாள் இடைவெளி விட்டுப் பறிப்பது?" இதெல்லாம் என் வேலைப் பட்டியலில் எந்தக் காலத்திலும் இல்லை, யாரும் அதற்குச் சம்பளம் தந்ததும் இல்லை. அடுத்த அழைப்புக்குள் பழைய விவசாயிகள் சிலரிடம் போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்றார், அவ்வளவுதான். இன்று கோத்தகிரி பக்கம் ஒரு சிறு விவசாயிகள் குழுவோடு இருக்கிறேன். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறிக்கச் சொல்லித் தருவது, இலையைச் சாக்கில் அமுக்காமல் கொண்டுபோக வைப்பது, ஃபேக்டரியில் தகராறு வந்தால் கூட நிற்பது. வருமானம் பழைய சம்பளத்துக்குக் குறைவுதான், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் காலையில் எழுந்தால் போக ஒரு இடமும் அங்கே செய்ய ஒரு காரியமும் இருக்கிறது.

எல்லோருக்கும் இது வேலை செய்யும் என்று சொல்ல வரவில்லை. என்னோடு வெளியே வந்த ஒருவருக்குக் கழுத்துவரை கடன், அவரிடம் போய் உன் விருப்பம் என்ன என்று கேட்டால் அடிக்க வருவார், நியாயமும்கூட. தோட்டத் தொழிலாளிக்கு வேலை போனால் தோட்டம் கொடுத்த லைன் வீடும் சேர்ந்து போகிறது. முதலில் வீடு, அப்புறம்தான் பேச்செல்லாம்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன், உங்களுக்குத் தெரியாதது இல்லை. பழைய 1947 தொழில் தகராறு சட்டப்படி ஆட்குறைப்பு என்றால் ஒரு வருஷ சர்வீசுக்கு 15 நாள் சம்பளம் இழப்பீடு. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பை நீங்கள் ஏன் எதிர்க்கிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஃபேக்டரியை மூட அரசின் அனுமதி கேட்க வேண்டிய எண்ணிக்கையை 100 பேரிலிருந்து 300 பேராக ஏற்றிவிட்டார்கள், நம்ம மலையில் 300 பேர் வேலை செய்கிற தேயிலை ஃபேக்டரி எங்கே இருக்கிறது? ஆனால் அதே தொகுப்பில் மறுதிறன் நிதி என்று ஒன்று இருக்கிறது. ஆட்குறைப்பு செய்யப்பட்ட ஒவ்வொருவருக்கும் அவர் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 15 நாளுக்கு ஈடான தொகையை முதலாளி கட்ட வேண்டும், 45 நாளுக்குள் அது தொழிலாளியின் கணக்குக்கு வர வேண்டும். புதுத் திறன் கற்க என்று தரும் பணம். எதைக் கற்பது என்று தெரியாதவனுக்கு அது ஒரு மாச மளிகைக்கும் பிள்ளைக்கு ஒரு தவணை ஃபீஸுக்கும் போய்விடும்.

அதனால்தான் கேட்கிறேன். அடுத்த முறை தொழிலாளர் அலுவலகத்தில் 12(3) பேசும்போது, கோச்சோடு பேசும் செலவையும் ஒரு ஷரத்தாக எழுத வையுங்கள். முதலாளி செலவு, தொழிலாளி தேர்வு. இழப்பீட்டில் ஒரு ரூபாய்கூட இதைக் காட்டிக் குறைக்கக் கூடாது, அதில் கறாராக இருங்கள், ஏனென்றால் கம்பெனிக்காரர்களுக்கு இது மலிவான ஆறுதல் பரிசாகத் தெரிந்துவிடும் ஆபத்து இருக்கிறது. பேசியது எதுவும் நிர்வாகத்துக்குப் போகக் கூடாது. தமிழிலோ படுக மொழியிலோ பேசுகிற ஆளாக இருக்க வேண்டும். தற்காலிகத் தொழிலாளர்களும், குறிப்பாக பெண்களும், பட்டியலில் வரட்டும். நாலைந்து பேர் குழுவாக உட்கார்ந்தாலும் போதும்.

ஆள் பிடிக்கும்போது கவனம். இங்கே யார் வேண்டுமானாலும் கோச் என்று போர்டு மாட்டலாம், அரசு உரிமம் எதுவும் தேவையில்லை. 1995-ல் தொடங்கின சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு என்று ஒன்று இருக்கிறது. அதன் ஆரம்பநிலைச் சான்றுக்கே 60 மணிநேரப் பயிற்சியும் கோச்சாக 100 மணிநேரம் ஆட்களோடு பேசிய அனுபவமும் கேட்கிறார்கள். சான்று இருந்தால் மட்டும் நல்லவர் ஆகிவிடமாட்டார், ஆனாலும் கேட்டுப் பாருங்கள். முதல் பேச்சிலேயே ஏதாவது கோர்ஸையோ, ஏஜென்ஸியையோ, இன்சூரன்ஸையோ விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றி என்னைப் பேசச் சொன்னால் வருகிறேன், பஸ் காசுகூட வேண்டாம். வியாழக்கிழமை மட்டும் தவிருங்கள், அன்றைக்குக் குழுவில் இலை எடுக்கிற நாள்.