16-இல் ஓடும் பாட்டு

பொகவந்தலாவை

அன்பு மகனுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். மழை விட்டபாடில்லை. போன் எடுத்தால் "பிறகு பேசுறேன்" என்கிறாய். பிறகு என்பது வருவதில்லை, அதனால் எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் கட்டிலுக்கடியில் இருந்த பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. கூரைத் தகரம் உனக்குத் தெரிந்ததுதானே. சாமான்களைக் காயப்போடும்போது ஒரு சீடி கிடைத்தது. வெள்ளை அட்டையில் பெரிய எழுத்து, மேலே ரோஸ் பெயிண்டில் 2 என்று அடித்திருக்கிறது. தங்கச்சி போட்டாள்.

முதல் பாட்டு பதினொரு நிமிசத்துக்கு மேல். பாடுகிறவர் யாருமில்லை. ட்ரம்ஸ் ஒரே அடியாக நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. "இதுக்குப் பேரு பாட்டா" என்று அம்மா எழுந்து போய்விட்டாள். எனக்கு மட்டும் எழும்ப மனம் வரவில்லை. தேயிலை ஸ்டோரில் ரோலர் பக்கமே காலம் கழித்த காது இது. கொழுந்து போட்டுச் சுற்றினால் மெஷினுக்கு ஒரு சத்தம், வெறுமனே சுற்றினால் வேறு சத்தம். அந்த ட்ரம்ஸ்காரன் வெறும் மெஷினை ஓட்டவில்லை.

பாதிக்கு மேல் சீடி கெட்டுவிட்டது என்று தங்கச்சி நிறுத்தப் போனாள். ஒரு பாட்டு சவ்வாக இழுத்தது, இன்னொன்று கீச்சுக்கீச்சென்று ஓடியது. "தொடாதே" என்றேன். பெரியப்பாவின் ஸ்பீக்கர் செட்டோடு தோட்டம் தோட்டமாகப் போனவனுக்கு இது தெரியாதா? இசைத்தட்டு ஓட்டுகிற மெஷினுக்கு 16, 33, 45, 78 என்று நாலு வேகம். தேர்த் திருவிழாவில் யாராவது கை தவறி 78-க்குத் தள்ளிவிட்டால் சீர்காழியே சின்னப்பிள்ளையாகிவிடுவார். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பாட்டின் பேரிலேயே 16, 78 என்று போட்டிருக்கிறது.

தங்கச்சி தேடிப் படித்துச் சொன்னாள். 1973-இல் வந்ததாம். ஜெர்மனியில் டுசல்டோர்ஃப் நகரத்து நொய் என்ற குழு. மைக்கேல் ரோதர், கிளவுஸ் டிங்கர் என்று இரண்டே பேர். ஸ்டூடியோவில் பாதி வேலையிலேயே காசு தீர்ந்துவிட்டது. என்ன செய்வார்கள்? முந்தின வருசம் போட்ட சின்ன இசைத்தட்டிலிருந்த இரண்டு பாட்டையே வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டி இரண்டாம் பக்கத்தில் பெரும்பகுதியை நிரப்பிவிட்டார்கள். அப்போது காசு கொடுத்து வாங்கியவன் திட்டித்தான் இருப்பான். அப்புறம் எத்தனையோ வருசம் கடையில் கிடைக்காமலே கிடந்து, 2001-இல்தான் முறையாக சீடியில் வந்ததாம்.

எனக்குப் பிடித்தது ஒன்றுதான். கையில் இல்லாததை அவர்கள் மறைக்கவில்லை. இதுதான் இருக்கிறது, இதை இப்படி ஓட்டியிருக்கிறோம் என்று அட்டையிலேயே எழுதிவிட்டார்கள்.

இதையெல்லாம் நீ தேடிப்பிடித்து வைத்திருந்தாய் என்று நினைக்கப் பெருமையாக இருக்கிறது. நம் லயத்து வீடுகளில் இதைக் கேட்டவன் நீ ஒருவன்தான். ஆனால் ஒருநாளாவது எங்களுக்குக் கேட்கிற மாதிரி போட்டாயா? எல்லாம் காதுக்குள்ளேயே. இப்போதும் அப்படித்தான். ஹட்டன் மாமாவின் மகன் வெள்ளவத்தையில் நீ வேலை செய்கிற கடைக்குப் போனானாம். உன் இடத்தில் வேறொரு பையன் இருந்தானாம். அவன் எதையும் ஒழுங்காகப் பார்க்கிறவன் இல்லை, அதனால் நான் பெரிதாக எடுக்கவில்லை. அம்மாவிடம் சொல்லவுமில்லை. கித்தார் உன்னிடம்தானே இருக்கிறது? தவணை முடிந்துவிட்டதா? நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரியில் வெறும் பிளேன்டீயோடு படுக்காதே.

இந்த மாதம் காசு அனுப்ப வேண்டாம். போன மாதம் வராததையும் அம்மாவிடம் நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். என் ஈ.பி.எஃப். காசில் கூரைக்கென்று வைத்தது வங்கியில் அப்படியே கிடக்கிறது. தகரம் இன்னொரு மழைக்குத் தாங்கும். உன் பாஸ்புத்தக நம்பர் இங்கே தேடினால் கிடைக்கவில்லை, எழுதி அனுப்பு. எதற்கு என்று கேட்காதே, நானும் கேட்கவில்லை.

போன் எடுப்பதானால் ராத்திரி எட்டு மணிக்கு எடு. அம்மா நாடகம் பார்க்கிற நேரம் அது. நான் வெளியே வந்து பேசுகிறேன்.

அப்பா