வோஸ்கோபோயாவுக்குப் போகுமுன்

அன்புக் கண்ணு,

வோஸ்கோபோயா கிரேக்கர் ஊரா, அல்பேனியர் ஊரா, ருமேனியர் ஊரா என்று கேட்டு எழுதியிருக்கிறாய். இந்தக் கேள்வியோடு அங்கே போய் இறங்காதே. ஆளுக்கொரு பதில் சொல்வார்கள், ஆளுக்கொரு ஆதாரமும் காட்டுவார்கள். எந்த வேலைக்கு எந்த மொழி என்று கேட்டுப் பார், விஷயம் பிடிபடும்.

இன்று அது தென்கிழக்கு அல்பேனியாவில், கொர்ச்சாவிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சத்தில், 1,160 மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்னக் கிராமம். 18ஆம் நூற்றாண்டில் மோஸ்கோபோலே என்ற பெயரில் பணம் புழங்கிய ஊர். கம்பளியும் தோலும் கோவேறு கழுதை முதுகில் துர்ரெஸ் துறைமுகத்துக்கு இறங்கி, அங்கிருந்து வெனிஸுக்குக் கப்பலேறின. பெரும்பாலான வீடுகளில் பேச்சு அரோமானிய மொழி. லத்தீன் வழி வந்தது, ருமேனிய மொழிக்குத் தங்கை முறை. கோயிலிலும் பள்ளியிலும் கணக்குப் புத்தகத்திலும் கிரேக்கம். சுற்றுக் கிராமத்தாரிடம் அல்பேனியம். வடக்கே ஒஹ்ரிட் ஏரிப் பக்கத்து ஆட்களிடம் ஸ்லாவியப் பேச்சு. ஒரே ஆள் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகப் பேசியிருப்பான். அவனை எந்தக் கட்டத்தில் போடுவாய்?

இதற்கு நல்ல சாட்சி இரண்டு அகராதிகள். ஊரின் உயர்பள்ளியான 'புதிய அகாதமி'யை நடத்திய தியோடோர் கவாலியோட்டிஸ் 1770இல் வெனிஸில் அச்சிட்ட நூலில் கிரேக்கம், அரோமானியம், அல்பேனியம் என மூன்று பத்தியில் 1,170 சொற்கள் உண்டு. அவருக்குப் பின் வந்த டேனியல் நான்காவது பத்தியாக ஸ்லாவியத்தையும் சேர்த்தார்; அதன் 1802ஆம் ஆண்டுப் பதிப்பு கிடைக்கிறது. தண்ணீர் என்ற ஒரு சொல்லை மட்டும் நாலு மொழியிலும் கேட்டுப் பார்: நெரோ, அபா, உய், வோடா. 'அபா' அரோமானியம், தாகம் எடுக்கும்போதெல்லாம் என் நினைப்பு வரும். மொழிகளைக் காப்பாற்றுவது டேனியலின் நோக்கமே இல்லை. முகவுரைப் பாட்டிலேயே அல்பேனியரையும் விளாக்கியரையும் (அரோமானியருக்கு இன்னொரு பெயர்) பல்கேரியரையும் கூப்பிட்டு, தாய்மொழியை விட்டுக் கிரேக்கம் பேச வாருங்கள் என்கிறார். அவர் மறக்கச் சொன்ன சொற்களைத் தேடித்தான் இன்று மொழியியலாளர்கள் அந்தப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள்.

பழைய பதிவேடுகளில் ஏமாறாதே. அப்போது இந்தப் பக்கத்தை ஆண்ட ஒட்டோமான் துருக்கிய அரசு ஆட்களை மதத்தை வைத்து எண்ணியது. அரோமானியர், கிரேக்கர், ஆர்த்தடாக்ஸ் அல்பேனியர், ஸ்லாவியர் எல்லோரும் 'ரூம்', அதாவது ஆர்த்தடாக்ஸ் எனும் கிழக்குத் திருச்சபைக் கிறிஸ்தவர், என்ற ஒரே தலைப்பில் வருவார்கள். அரோமானியரைத் தனிச் சமூகமாக சுல்தான் ஏற்றது 1905இல்தான். வியன்னா, புடாபெஸ்ட் ஆவணங்களில் 'கிரேக்க வணிகர்' என்று இருந்தாலும் ஆர்த்தடாக்ஸ் வியாபாரி என்று மட்டும் எடுத்துக்கொள். எந்த மாதத்தில் எண்ணினார்கள் என்றும் பார். மேய்ப்பர் குடும்பங்கள் அக்டோபர் கடைசியில், புனித தெமெத்ரியோஸ் திருநாளை ஒட்டி ஆடுகளோடு சமவெளிக்கு இறங்கி, ஏப்ரலில் புனித ஜார்ஜ் திருநாளுக்குத்தான் மேலேறும். ஜனவரியில் எண்ணினால் மேய்ப்பர் ஊர் பாதி காலியாகத் தெரியும்.

மோஸ்கோபோலேயில் 60,000 பேர் இருந்தார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். எழுதிக்கொள், ஆனால் நம்பாதே. அந்த உயரத்து நிலம் அத்தனை வாய்க்குச் சோறு போடாது. ஆய்வாளர்களின் கணக்கும் அதைவிட மிகக் குறைவு.

1769இல் கொள்ளை, 1788இல் இன்னொரு அழிவு, 1916இல் தீ. முதல் அடியிலேயே அச்சகம் போயிற்று. பிழைத்தவர்கள் க்ருஷெவோ, பிடோலா, புடாபெஸ்ட், வியன்னா என்று சிதறினார்கள். ஏதென்ஸில் வானாய்வு நிலையத்துக்குப் பணம் கொடுத்த சினாஸ் குடும்பத்தின் வேர் இங்கேதான். ஆகவே இந்த ஊரின் காகிதங்களில் பாதியை ஊருக்கு வெளியேதான் தேட வேண்டும்.

2011 கணக்கெடுப்பில் அல்பேனியா முழுவதும் தங்களை அரோமானியர் என்று எழுதியவர்கள் 8,266 பேர். அந்த இனக் கேள்விக்கு நாட்டில் நூற்றுக்குப் பதினான்கு பேர் பதிலே தரவில்லை. பிறப்புப் பதிவுக்கு மாறாகச் சொன்னால் அபராதம் என்ற பேச்சும் அப்போது இருந்தது. அந்த எண்ணை இதையெல்லாம் சேர்த்துப் படி. 2017 சட்டம்தான் அவர்களைத் தேசியச் சிறுபான்மை என்று ஏற்றது.

ஆட்களிடம் பேசும்போது 'சோபன்' என்று சொல்லாதே. மேய்ப்பன் என்றுதான் பொருள், இளக்காரம் ஒட்டிக்கொண்ட சொல். 'நீங்கள் யார்' என்றும் கேட்காதே. பாட்டி வீட்டில் எந்தப் பேச்சில் திட்டுவார் என்று கேள், தானாகவே கதை வரும்.

கோயில்களுக்குக் காலையில் போ. புனித நிக்கோலா கோயிலில் தாவித் செலெனிட்சா 1726இல் வரைந்த சுவரோவியம் இருக்கிறது. கல்வெட்டில் ஆண்டு கிரேக்க எழுத்தில் வரும்: ஆல்ஃபா 1000, ப்சை 700, காப்பா 20, ஸ்டிக்மா 6, கூட்டினால் 1726. முதல் எழுத்து ஸீட்டாவாக இருந்தால் அது 7000, அதாவது உலகப் படைப்பிலிருந்து எண்ணிய ஆண்டு. அதில் 5508 கழிக்க வேண்டும். செப்டம்பர் முதல் டிசம்பர் வரையுள்ள தேதியானால் 5509. 7140 என்று படித்தால் 1632. கிறிஸ்து ஆண்டா, படைப்பு ஆண்டா என்று பார்க்காமல் கழித்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை.

எழுத்து உதிர்ந்திருந்தால் ஊகித்து நிரப்பாதே. அந்த இடத்தில் புள்ளி வைத்து, படம் எடுத்து அனுப்பு.

அப்பா